மூலை அறை காலியாக உள்ளது

சாரல் தொடங்கிவிட்டால் என் மைனியின் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், அவளுடைய அப்பா விட்டுப்போன மாடிவீட்டை ஆறு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜாக மாற்றி அவள்தான் நடத்திவந்தாள். அவள் புருஷனான என் அண்ணன் ராணுவத்தில், வடக்கே எல்லைப்பக்கம். வருஷத்தின் பெரும்பகுதி அவன் குரல் மட்டும்தான் வீட்டுக்கு வரும். நான் தென்காசியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். சனி ஞாயிறுகளில் மைனிக்கு ஒத்தாசையாகக் குற்றாலம் போவேன். ஒத்தாசை என்பது பெரும்பாலும் அங்கே போய்ச் சாப்பிடுவதுதான்.

கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டே கேள்விகள். ரூம் இருக்கா? அருவியில் குளிக்க விடுகிறார்களா? மதுரையிலிருந்தும் கேட்பார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் கேட்பார்கள். மைனி கைப்பேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சாம்பாரைக் கிண்டியபடியே பதில் சொல்லுவாள். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி நழுவிச் சாம்பாருக்குள் விழுந்தது. எதிர்முனையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கரண்டியால் அதை எடுத்துத் துணியில் துடைத்துக் காதில் வைத்து, “அலோ, கேக்கா?” என்று மைனி கேட்டதை நான் பார்த்தேன். அன்றைக்கே அவளுக்கு ஒரு வலைத்தளம் செய்து கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. முதல் பக்கத்தில் ஆறு அறைகளும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் படங்களோடு தனிப்பக்கம். எல்லாப் பக்கங்களின் உச்சியிலும் அன்றைய அருவி நிலவரம். மைனி தன் புதுக் கைப்பேசியில் ஒரு இடத்தைத் தொட்டால், ‘காலியாக உள்ளது’ என்பது ‘காலி இல்லை’ என்று மாறிவிடும். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அந்தச் செய்தி எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் வழியாக மைனிக்கு உடனே வந்து சேர்ந்துவிடும். அவள் இன்னொரு இடத்தைத் தொட்டு, ‘குளிக்கத் தடை’ என்று மாற்றுவாள். மாற்றிவிட்டு, மாறியிருக்கிறதா என்று திறந்தும் பார்ப்பாள். அந்தச் சந்தோஷத்துக்காகவே தேவையில்லாமல் இரண்டு தடவை மாற்றியதும் உண்டு.

தொல்லை ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் சர்வர், விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் தகவல்தளத்துக்குப் போய், ஆறு அறைகளின் நிலையையும் அருவி நிலவரத்தையும் கேட்டு வாங்கி, பக்கத்தைப் புதிதாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் எடுத்திருந்தது இருப்பதிலேயே சின்ன சர்வர். நல்ல சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரெல்லாம் சேர்ந்து திறந்து பார்த்ததில் அது படுத்துவிட்டது. தொழிலில் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். ஒருமுறை கட்டிய பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு அதையே கொடுப்பது. எடுத்து வைத்த பக்கம் ஆறு மணி நேரம் செல்லும். அதன்பிறகு காலாவதியாகி, அடுத்து யாராவது கேட்கும்போது புதிதாகக் கட்டப்படும். இப்படி எடுத்து வைப்பதற்குப் பெயர் கேஷ்.

“கேஷ் போட்டிருக்கேன் மைனி, இனிமே நிக்காது” என்று சொன்னேன்.

“நீ எதுக்குத் தம்பி கேஷ் போடுதே? நான் தரமாட்டேனா?” என்றாள்.

விளக்கிச் சொன்ன பிறகும், எங்கள் வீட்டில் இன்றைக்குவரை அதற்குப் பெயர் ‘தம்பி போட்ட கேஷ்’தான்.

தளம் அதன்பிறகு நிற்கவில்லை. ஆனால் மைனியின் சந்தோஷம் குறைந்துவிட்டது. “மாத்திட்டேன் தம்பி, அது மாறமாட்டேங்கு” என்று கூப்பிடுவாள். கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்று நான் சொல்லுவேன். மாறத்தான் செய்தது. சாயங்காலம் குளிக்க விட்டுவிட்டார்கள் என்று அவள் மாற்றினால், கூட்டமெல்லாம் குளித்து முடித்துப் பரோட்டாக் கடைக்குப் போன பிறகு பக்கம் மாறும். யாரும் அதை நம்பி ஒன்றும் இழந்துவிடவில்லை என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அண்ணனுக்கு எதிர்பாராமல் ஆடியிலேயே லீவு கிடைத்தது. ரயிலில் வந்துகொண்டிருக்கிறேன், காலையில் தென்காசியில் இறங்கிவிடுவேன் என்று அவன் சொன்னதும் மைனி செய்த முதல் காரியம், விடிவதற்குள் மூலை அறையை ‘காலி இல்லை’ என்று மாற்றியதுதான். மாடியில் மேற்கு ஓரத்து அறை அது. ஜன்னலைத் திறந்தால் மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும். சாரல் நாட்களில் மேகம் இறங்கி ஜன்னல் கம்பியில் சொட்டும். அண்ணன் லீவில் வந்தால் அவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் தங்குவார்கள். சீசனில் அந்த அறைக்குத்தான் ஆள் அதிகம் வரும். எத்தனை பேர் கேட்டாலும் அந்த நாட்களுக்கு மட்டும் மைனி அதைக் கொடுக்கமாட்டாள்.

அவளும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தோம். வண்டியில் அவள் அதிகம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. இலஞ்சி தாண்டும்போது, “மழை நல்லா இருக்கு” என்றான் அவன். “ஆமா” என்றாள் அவள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்போல நான் வண்டியை ஓட்டினேன். லாட்ஜுக்கு வந்ததும் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போய்விட்டான். மைனி காப்பி போட உள்ளே போனாள்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி. இரண்டு பேருமாகச் சேர்ந்து, முழங்கால் வலியுள்ள அவருடைய தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கடையநல்லூரிலிருந்து வருவதாகச் சொன்னார். மூன்று பேருமே நனைந்திருந்தார்கள். சத்தம் கேட்டு மைனி காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, மூலை ரூம் காலின்னு போட்டிருக்கு. போன் அடிச்சுப் பாத்தோம், எடுக்கல. வேற யாராவது எடுத்துருவாங்களோன்னு உடனே கெளம்பி வந்துட்டோம்” என்று கைப்பேசியை நீட்டினார். அதில் மூலை அறையின் படம். கீழே பச்சை எழுத்தில், காலியாக உள்ளது.

மைனி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மாற்றியது உண்மை, தகவல்தளத்தில் மாறியிருந்ததும் உண்மை. ஆனால் அவள் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அப்போது கட்டி எடுத்து வைத்த பக்கம் ஆறு மணி நேரம் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

“அது பழைய பக்கங்க” என்றேன் நான்.

“பழசா? ஆட்டோவுல வரும்போதுகூடப் பாத்தேனே” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று நான் இரண்டு மூன்று லாட்ஜுகளுக்குப் பேசினேன். அந்த மழையில் எங்கே கிடைக்கும்? அதற்குள் அவர் மைனியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமான பிறகு சாரல் நேரத்தில் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. இன்னும் சில நாட்களில் திரும்ப வேண்டும். தாயாருக்கும் அருவியைப் பார்க்க ஆசை, ஆனால் காலையில் வந்து மாலையில் திரும்புகிற அலைச்சல் அவருக்கு ஆகாது. அதனால்தான் ரூம் போட்டு இரண்டு நாள் இருக்கலாம் என்று வந்திருக்கிறார்கள். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி மாமியாரின் தலையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மைனி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். லீவு என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“பேஜ்ல இருக்கது நம்ம லாட்ஜ் பேருதான தம்பி? அது சொன்னா நாம சொன்ன மாதிரிதான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தத் தாயாரின் கையைப் பிடித்தாள். “வாங்கம்மா, மாடிக்குப் போவோம். மெதுவா ஏறுங்க.”

அண்ணன் மேலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவர்கள் பாதிப் படி ஏறுவதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கழற்றிய பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். “ஜன்னல தொறந்து வச்சிருக்கேன், குளிருச்சுன்னா சாத்திக்கிடுங்க” என்று கடையநல்லூர்க்காரரிடம் சொன்னான். கீழே வந்து என் முன்னால் நின்றான்.

“ஏலே, எனக்கு எங்கன எடம் காலியா இருக்குன்னு உன் பேஜ்ல பாத்துச் சொல்லு.”

மெத்தைகளும் போர்வைகளும் அடுக்கி வைத்திருந்த பின்பக்கத்து அறை ஒன்றுதான் மிச்சம். மைனி அதை ஒழிக்கப் பார்த்தாள். மெத்தைகளை வெளியே எடுத்துப்போட இடம் இல்லாததால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடியே விட்டுவிட்டார்கள். அண்ணனும் மைனியும் அந்த லீவின் முதல் இரண்டு நாட்களை அந்த அடுக்கின் உச்சியில்தான் கழித்தார்கள். ஏறுவதற்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மறுநாள் நான் வந்தபோது, கோபமாக இருப்பார்களோ என்று தயங்கித்தான் உள்ளே போனேன். மைனி அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, உங்க அண்ணன் எறங்கும்போது விழுந்துட்டாவ என்றாள்.

விழுந்தவன் அப்போது வீட்டில் இல்லை. கடையநல்லூர்க்காரரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலத்துக்குப் போயிருந்தான். கூட்டம் வருவதற்குள் குளித்துவிட்டு, தோளில் ஈரத் துண்டோடு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஒரே பேச்சு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்ன பிறகு ரத்தாவது, வந்த முதல் நாள் வீட்டில் எல்லோரும் விருந்தாளியைப்போல நடத்துவது, போகிற நாள் நெருங்கும்போது யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது. எங்களிடம் அண்ணன் ஒருநாளும் பேசியிராத சங்கதிகளை எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் இட்லி சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்தான். மைனி சட்னி ஊற்ற வருகிற சாக்கில் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மைனி அந்தத் தாயாரை ஐந்தருவிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில், ஓரமாக மெல்லிசாக விழுகிற தண்ணீரில் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாளாம். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவரை அப்புறம் வெளியே கூப்பிடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது என்றாள். திரும்பி வந்த அந்த அம்மா கன்னமெல்லாம் சிவந்து, நடுங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தபடியே தூங்கிப்போனார்.

அந்த நேரத்தில் நான் வரவேற்பு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி நேரம் என்பதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அறையின் நிலை மாறாதவரைக்கும் எடுத்து வைத்த பக்கம் ஒரு வாரம் ஆனாலும் சரியான பக்கம்தான். மாறிவிட்டால் அடுத்த நிமிஷமே அது தப்பான பக்கம். ஆகவே மைனி கைப்பேசியில் மாற்றுகிற அந்தக் கணத்திலேயே, எடுத்து வைத்த பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“ரெக்கார்டு சேவ் ஆகும்போதே அந்தப் பேஜ அழிச்சிருதியளா அண்ணன்?”

நிமிர்ந்து பார்த்தேன். கடையநல்லூர்க்காரரின் மனைவி. மாமியார் தூங்கியதும் கீழே வந்து, என் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். பரீட்சை முடிந்ததும் கல்யாணம். வேலைக்குப் போகவில்லை. படித்தது மறந்துவிட்டதா என்று கேட்டேன். மறக்கவில்லை, யாரிடம் பேசுவது என்றுதான் தெரியவில்லை என்று சொன்னார். என்னை அவர் அண்ணன் என்று கூப்பிட்டதால் நானும் அன்றைக்கே தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவளே சோதனை செய்து பார்த்தாள். மைனி தன் கைப்பேசியில் மூலை அறையை மாற்ற, தங்கச்சி தன் கைப்பேசியில் பக்கத்தைத் திறக்க, உடனே மாறியிருந்தது. திருப்பி மாற்றினாள். திரும்ப மாறியது. மைனிக்குப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம், அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காகவே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் இருந்துவிட்டு அவர்கள் போனார்கள். அண்ணனும் மைனியும் ஒருவழியாக மூலை அறைக்கு ஏறினார்கள். லீவு முடிந்து அண்ணனும் போனான். கடையநல்லூர்க்காரரும் விமானம் ஏறினார்.

அவர் போன பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்து தன் அறைக்கு வந்ததும் அவர் தினமும் எங்கள் தளத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். அங்கேயிருந்து ரூம் போடவா போகிறார்? ஆனாலும் பார்ப்பார். மூலை அறையில் இன்றைக்கு யாராவது இருக்கிறார்களா, அருவியில் தண்ணீர் எப்படி, குளிக்க விடுகிறார்களா. அதே நேரத்தில் கடையநல்லூரில் தங்கச்சியும் தன் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். போனில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் ஒன்றாகப் பார்ப்பார்கள். புருஷனும் பொண்டாட்டியும் அந்நேரம் பேசிக்கொள்வதற்கு மைனி மாற்றுகிற நிலவரம் ஒரு சாக்கு.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். “அண்ணன், மூலை ரூமோட பேஜ்ல ஆள் இருக்காங்கன்னு சரியா வருது. ஆனா முதல் பேஜ்ல இன்னும் காலின்னே இருக்கு. அந்த ரூம் ரெண்டு பேஜ்லயும் வருதுல்லா, நீங்க ஒண்ணத்தான அழிக்கிறிய?”

அவள் சொன்னது சரிதான். அறைக்கென்று இருந்த பக்கத்தை மட்டுமே நான் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். அதே அறை முதல் பக்கத்து வரிசையிலும் இருந்தது. குடும்ப அறைகள் என்று பின்னால் தனியாகச் சேர்த்திருந்த பக்கத்திலும் இருந்தது. ஒரு அறை மாறினால் எந்தெந்தப் பக்கங்கள் தப்பாகும் என்று நானே மனசில் வைத்து எழுதினால் இப்படித்தான் ஏதாவது விட்டுப்போகும். ஆகவே வேறு மாதிரி செய்தேன். ஒரு பக்கத்தைக் கட்டும்போதே, அதற்காகத் தகவல்தளத்திலிருந்து எந்தெந்த விவரங்களை எடுத்தோம் என்று சர்வரே குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த விவரங்களில் எது மாறினாலும், அதை எடுத்துக் கட்டிய பக்கங்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும். இனிமேல் புதுப்பக்கம் சேர்த்தாலும் நான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் அமைதியாகப் போனது. பிறகு ஒரு மாலை கடையநல்லூர்க்காரரே கூப்பிட்டார். வழக்கமாக மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்குக் கொஞ்சம் படபடப்பாக இருந்தார். பக்கத்தில் குளிக்க அனுமதி என்று இருப்பதாக இவர் சொல்லியிருக்கிறார். தடை என்று இருப்பதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். கண்ணால் பார்த்துச் சொல்லுகிறேன் என்று இவர். நானும் கண்ணால்தான் பார்க்கிறேன் என்று அவள். அது வளர்ந்து, நீங்கள் எப்போதும் நான் சொல்வதைக் கேட்பதில்லை என்பதுவரை போய், அவள் போனை வைத்துவிட்டாளாம்.

“அண்ணன், யாரு சொல்லுதது சரின்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

“தங்கச்சி சொல்லுததுதான் சரி” என்றேன்.

சர்வர் புதுப்பக்கத்தைத்தான் கொடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அவருடைய கைப்பேசி, மத்தியானம் பார்த்த பக்கத்தைத் தானாகவே எடுத்து வைத்துக்கொண்டு, சர்வரிடம் கேட்காமலே அதைக் காட்டிக்கொண்டிருந்தது. என் சர்வரில் எதைத் தூக்கி எறிந்தாலும் அவருடைய கைப்பேசிக்குள் என்னால் கையை விட முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான். பக்கத்தை அனுப்பும்போதே, இதைக் காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொள் என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்புவது. அன்றைக்கே சேர்த்துவிட்டேன். அவர் அவளிடம் எப்படிச் சமாதானம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் இரண்டு பேரிடமிருந்தும் தனித்தனியாக எனக்கு ஒரே சிரிப்புப் படம் வந்தது.

அடுத்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்ததுபோல வந்தது. மலைக்குள் மழை விட்டு விட்டுப் பெய்தது. மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டும், தடை போடுவார்கள். குறையும், விடுவார்கள். திரும்ப ஏறும். மைனி ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக மாற்றினாள். அங்கேதான் வினை. அருவி நிலவரம் எல்லாப் பக்கங்களின் உச்சியிலும் இருந்தது. அது மாறியவுடன் எடுத்து வைத்திருந்த பக்கங்கள் அத்தனையும் ஒரேயடியாகப் போயின. அதே நொடியில் ஊர்ப்பட்ட பேர் திறந்து பார்க்க, சர்வர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடிப்பதற்குள் மைனி அடுத்த மாற்றத்தைச் செய்துவிடுவாள். பழையபடி தளம் படுத்துவிட்டது. மைனிக்குப் பழையபடி போன்கள்.

நான் தென்காசியில் உட்கார்ந்து எதையெதையோ செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி கூப்பிட்டாள். அவள் வீட்டில் குக்கர் விசிலும் மாமியாரின் பேச்சும் கேட்டன.

“அண்ணன், அருவி நிலவரத்த மட்டும் பேஜுக்குள்ள வைக்காம தனியா எடுத்துருவோமே. பேஜ் அது பாட்டுக்கு இருக்கட்டும். நிலவரம் ஒரே ஒரு வரிதான, அது தனியா வந்து மேல உக்காரட்டும். மாறுனா அந்த வரிய மட்டும் தூக்கிப் போட்டாப் போதும்ல?”

நல்ல யோசனை. எனக்கும் வந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வந்தது அவளுக்கு.

“நீயே எழுதுதியா?” என்று கேட்டேன்.

அவள் குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “எழுதுனா சரியா இருக்குமா அண்ணன்?” என்றாள்.

“இருக்கும். இல்லன்னா ரெண்டு பேருமாச் சரி பண்ணுவோம்.”

கணவர் அவளுக்காக வாங்கி வந்து, பெட்டிக்குள்ளேயே இருந்த மடிக்கணினியை அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாக வேலைக்கென்று திறந்தாள். அவள் எழுதியதை நான் படித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு இடங்களில் திருத்தம் சொன்னேன். ஒரு திருத்தத்தை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் காரணத்தைச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழையும் வந்தது, தடையும் வந்தது, கூட்டமும் வந்தது. தளம் அசையவில்லை. மைனி மாற்றுவதும் அந்த ஒற்றை வரி மாறுவதும் ஒன்றாக நடந்தன. அன்று சாயங்காலம் மாமியார் என்னிடம் பேச வேண்டும் என்று போனை வாங்கினாராம். “எம்மருமவ என்னமோ பெரிய வேலை பாத்திருக்காளாமே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன வேலை என்று கேட்டார். அருவியில் தண்ணீர் விழுவது உலகத்துக்கே உடனே தெரிகிறமாதிரி செய்திருக்கிறாள் என்றேன். “தெரியட்டும், தெரியட்டும்” என்றார்.

பக்கத்து லாட்ஜ்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தபோது, நான் அவர்களைத் தங்கச்சியிடம் அனுப்பினேன். இப்போது அது அவளுடைய தொழில். கடையநல்லூரில் வீட்டு மாடியில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு, ஐந்தருவிச் சாலையில் பாதி லாட்ஜுகளின் பக்கங்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள். எனக்குச் சந்தேகம் வந்தால் நான் அவளைக் கேட்பேன். யார் யாரை அதிகம் கேட்கிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

போன மாசியில் கடையநல்லூர்க்காரர் லீவில் வந்தார். வந்த இரண்டாவது நாளே குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்துவிட்டார்கள். மாசியில் அங்கே என்ன இருக்கிறது? பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. மெயின் அருவியில் பாறை வெளுத்து வறண்டு நின்றது. குரங்குகள்கூட வேறெங்கோ போய்விட்டன. லாட்ஜில் ஆறு அறைகளும் காலி.

“தண்ணி இல்லாத நேரத்துல வந்திருக்கியளே” என்று மைனி அங்கலாய்த்தாள்.

“தண்ணி இல்லன்னு பேஜ்ல பாத்துட்டுத்தான் வந்தோம் அக்கா” என்றார் அவர்.

மைனி சொதிக் குழம்பு வைக்கத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கின் தோலை உரித்துக் கொடுத்தார். எல்லையிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தான். கடையநல்லூர்க்காரர் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல், வரவேற்பறையில் முனகிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டார். திருகுகளை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, தரையில் சப்பணமிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆகிவிட்டது என்று கூப்பிட்டபோதும், இதோ இதோ என்று எழுந்து வரவில்லை.

இலையில் உட்கார்ந்ததும் நான் தங்கச்சியிடம் வேலைப் பேச்சை எடுத்தேன். வருகிற சீசனுக்கு மலையாளத்திலும் பக்கங்கள் வேண்டும் என்று மைனி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால் ஒரு அறை மாறும்போது தமிழ்ப் பக்கத்தோடு மலையாளப் பக்கமும் சேர்ந்து காலாவதியாக வேண்டுமே, அதை எப்படிச் செய்யலாம் என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் போட்டாச்சு அண்ணன். சொதி ஆறுது, மொதல்ல சாப்பிடுங்க” என்றாள்.